இருபது செல்லின் விலை

1990களில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் படித்த பார்வையற்ற மாணவரின் பையில் பிரெயில் சிலேட்டும் ஸ்டைலசும் இருக்கும். கெட்டித்தாளைச் சிலேட்டின் சட்டங்களுக்கு இடையே செருகி, வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும். தாளைப் புரட்டினால் மேடுகள் இடமிருந்து வலமாகப் படிக்க வரும். வசதியுள்ள பள்ளிகளில் பெர்கின்ஸ் பிரெய்லர் இருந்தது. 1951-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்த உலோக இயந்திரம் ஏறத்தாழ 5 கிலோ எடை. அதே 1951-இல்தான் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறையும் நடைமுறைக்கு வந்தது. தமிழ் பிரெயில் அதில் ஒன்று.

எழுதுவதாவது கைவேலை. படிப்பதுதான் பெரும்பாடு. ஆறு புள்ளிகள் நிற்கும் ஓரிடத்தைச் செல் என்கிறார்கள். வழக்கமான பிரெயில் தாளில் வரிக்கு 40 செல், பக்கத்துக்கு 25 வரி. ஆக, ஒரு பக்கத்தில் ஆயிரம் செல்தான் கொள்ளும். நடுத்தர அளவு நாவல்கூடப் பல தடித்த தொகுதிகளாகப் பிரிந்துவிடும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிகள் அமுங்கிப்போகும். அதனால் பெரும்பாலான பாடங்கள் காது வழியாகத்தான் வந்தன. விடுதித் தோழர் வாசித்தார், தன்னார்வலர் கேசட்டில் பதிந்து கொடுத்தார். தேர்வுக்கு, சொல்வதை எழுத உடன் ஒருவர் உட்கார்ந்தார்.

தாளில்லாமல் விரலுக்குப் பிரெயில் காட்டும் கருவியான பிரெயில் டிஸ்ப்ளே அப்போதே வெளிநாடுகளில் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெலிசென்சரி நிறுவனம் விற்ற வெர்சாபிரெயிலில் 20 செல் உண்டு. எழுதியதைக் கேசட் நாடாவில் சேமிக்கலாம். பின்னால் கணினியோடு இணையும் 40 செல், 80 செல் கருவிகள் பரவின. வேலை செய்யும் விதம் எளிது. திரையில் உள்ள வரியை மென்பொருள் புள்ளிகளாக மாற்றி அனுப்ப, கருவியின் நுண்ணிய ஊசிகள் மேலெழுந்து நிற்கும். விரல் படித்து முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அவை இறங்கி, அடுத்த வரி எழும்.

விலை ஏறியதும் இந்த ஊசிகளால்தான். கணினிக்கான செல்லில் 8 ஊசிகள், ஒவ்வோர் ஊசிக்கும் அடியில் மின்னழுத்தம் பட்டால் வளையும் ஒரு பீங்கான் பட்டை. 40 செல் கருவி என்றால் 320 பட்டைகள், 320 ஊசிகள். இந்தச் செல்களைச் செய்யும் நிறுவனங்கள் உலகிலேயே ஒரு சில. வாங்குவோரும் குறைவு. அதனால் விலை லட்சங்களில் நின்றது. நம் ஊர் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ அன்று ‘வாங்கலாமா?’ என்ற கேள்வியே எழவில்லை. வாங்க முடியாது, அவ்வளவுதான்.

இன்று அந்தக் கேள்வி எழுகிறது. காரணம் இரண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை.

முதலாவது, விலை இறங்கியது. பீங்கான் பட்டையை விட்டுவிட்டு வேறு வழியில் ஊசியை எழுப்பும் கருவிகள் 2010களின் பிற்பாதியில் வந்தன. ஆர்பிட் ரீடர் 20, மும்பையின் இன்னோவிஷன் நிறுவனம் உருவாக்கிய பிரெயில்மீ இரண்டும் 20 செல் கருவிகள். 500 டாலரை ஒட்டிய விலையில் அறிமுகமாயின. மெமரி கார்டில் புத்தகத்தை ஏற்றிக் கணினியே இல்லாமலும் படிக்கலாம், புளூடூத்தில் செல்பேசியோடும் இணைக்கலாம். பழைய பாணி 40 செல் கருவியோ இன்னும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல்.

இரண்டாவது, பேச்சு இலவசமானது. கணினித் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும், 2006-இல் தொடங்கிய என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் காசில்லாமல் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் கூடவே வருகிறது. இரண்டும் தமிழை வாசிக்கும். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை ஆக்கப் பதிப்புரிமை விலக்கு அளிக்கும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் பார்வையற்றோருக்கான சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்நூலகம் வந்தது. அன்று ஒரு பாடத்தைக் கேட்க ஒரு மனிதரின் மாலைப்பொழுது தேவைப்பட்டது. இன்று செல்பேசியும் ஹெட்போனும் போதும். கைக்கு எட்டாமல் இருந்த பிரெயில் டிஸ்ப்ளே, ‘அதுதான் எல்லாம் காதில் விழுகிறதே’ என்று பலரும் சொல்லும் காலத்தில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

ஆனால் காதில் விழாதவை சில உண்டு. தமிழில் முதலாவது, எழுத்து. அரம், அறம் இரண்டையும் குரல் ஏறக்குறைய ஒன்றாகவே சொல்லிப் போகும். தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் எங்கே எது என்பதும், வல்லினம் எங்கே மிகும் என்பதும் கேட்டே வளர்ந்தவருக்கு எளிதில் பிடிபடாது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்துக் கேட்கலாம். ஆனால் ஒரு பத்திக்குமேல் யாருக்கும் பொறுமை இருக்காது. விரலுக்கு ரகரமும் றகரமும் வேறு வேறு புள்ளிகள். தமிழாசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், நிரல் எழுதுபவர், கணக்குப் படிக்கும் மாணவர் ஆகியோருக்கு இந்த வேறுபாடு தொழில் சார்ந்தது.

அடுத்தது, பேசிக்கொண்டே படிப்பது. வகுப்பில் குறிப்பைப் பார்த்துப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒரு காதில் ஸ்கிரீன் ரீடரைக் கேட்டுக்கொண்டு பேசுவது சிரமம். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டபடி கணக்கு எண்ணைச் சரிபார்க்கும் வங்கி ஊழியருக்கும் அதே சிக்கல். விரல் படித்தால் காதும் வாயும் விடுபடுகின்றன. பார்வையோடு செவித்திறனும் இழந்தவருக்கோ இந்தக் கருவிதான் செல்பேசி, அதுவே செய்தித்தாள். அங்கே ‘தேவையா?’ என்று கேட்பதே தவறு.

வாங்குவது என்று முடிவானால் தமிழர் முதலில் பார்க்க வேண்டியது செல் எண்ணிக்கை. ஆங்கில பிரெயிலில் சொற்களைச் சுருக்கி எழுதும் முறை நன்கு நிலைபெற்றது. தமிழில் எழுத்துகளை விரித்தே எழுதுகிறோம். அகரம் ஏறிய உயிர்மெய்க்கு ஒரு செல், மற்ற உயிர்மெய்க்கு மெய்யும் உயிருமாக இரண்டு செல், புள்ளி வைத்த எழுத்துக்கும் இரண்டு செல். ‘புத்தகம்’ 8 செல், ‘வாசிக்கிறேன்’ 12 செல். இடைவெளியோடு 21. இரண்டே சொற்கள், 20 செல் வரிக்குள் அடங்கவில்லை! சொல்லுக்குச் சொல் பொத்தானை அழுத்தி நாவல் படிப்பது அலுப்பூட்டும். மனப்பாடக் குறிப்பு, தொலைபேசி எண், எழுத்துச் சரிபார்ப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கு 20 போதும். நாள் முழுக்கத் தமிழ் வாசிப்பவருக்கு 40 வேண்டும்.

மலிவான கருவிகளில் ஊசிகள் எழும் வேகம் குறைவு, சிறு ஓசையும் கேட்கும். வேகமாகப் படிக்கும் விரலுக்கு இது இடைஞ்சல். எந்தக் கருவியானாலும் தூசியும் கை வியர்வையும் ஊசிகளுக்குப் பகை. பழுதானால் நாட்டுக்குள்ளேயே சரிசெய்வார்களா, கடல்கடந்து அனுப்ப வேண்டுமா என்பதை விலை கேட்கும் முன்பே கேட்க வேண்டும். உங்கள் செல்பேசியோடு இணைத்து, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, மெய்யெழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று விரலால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மோனார்க் போன்ற புதிய கருவி 10 வரிகளை ஒருசேரக் காட்டுகிறது, வரைபடமும் தடவிப் பார்க்கலாம். விலை ஏறக்குறைய 18,000 டாலர். அது நிறுவனங்கள் வாங்க வேண்டிய பொருள்.

நிறுவனங்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் 20 செல் கருவியைப் பார்வையற்ற வாசகர்களுக்கு இலவசமாக இரவல் தருகிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. மாவட்ட நூலகங்களும் சிறப்புப் பள்ளிகளும் நாலைந்து கருவிகளை வாங்கி மாதக்கணக்கில் இரவல் தந்தால், யாருக்குப் பயன்படும் என்பது பயன்படுத்துபவருக்கே தெரிந்துவிடும்.

அதுவரை என் கணக்கு இது. சிறு வயதிலேயே பிரெயில் படித்து, எழுத்தை வைத்துப் பிழைக்கும் ஒருவர் கடன் வாங்கியாவது வாங்கலாம். செய்தியும் கதையும் மட்டும் கேட்பவர் அந்தப் பணத்தில் நல்ல செல்பேசி வாங்கலாம். நடுவயதில் பார்வை இழந்தவர் முதலில் சிலேட்டில் ஆறு மாதம் பிரெயில் பழகிவிட்டு யோசிக்கலாம். பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்குப் போடவே கூடாது. தமிழை எழுத்தாகத் தொட்டுப் படிக்காமல் அது வளர்ந்தால், பிறகு எந்த விலை கொடுத்தும் அந்த ஆண்டுகளை வாங்க முடியாது.