செய்தியாக எழுதியதை ஏன் பாட்டாகப் பாட வேண்டியிருந்தது? எண்ணூர் ‘புறம்போக்கு’ பாட்டின் கதை

2017 ஜனவரி, பொங்கல் நேரம். யூடியூபில் ஒரு வீடியோ வந்தது. பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், தரையெல்லாம் சாம்பல், நடுவில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா. சில காட்சிகளில் முகத்தில் மாசுத் தடுப்பு மாஸ்க். ஆனந்தபைரவி, பேகடா என்று மார்கழி சபாக்களில் கேட்டுப் பழகிய ராகங்கள்தான். ஆனால் வார்த்தைகள் சபா பக்கமே தலைவைத்துப் படுக்காதவை. சுத்தமான சென்னைத் தமிழ். அதிலும் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல், நம்ம ஊரில் சண்டை முற்றினால் வாயில் வரும் வசவு: புறம்போக்கு.

‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வைரலானது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பத்திரிகையாளர் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இசை பற்றி எழுதுபவர் ஒரு கட்டத்தில் தானே பாடகர் ஆவது வெளிநாடுகளில் நடக்கிற விஷயம். லண்டனில் பிறந்த இசைப் பத்திரிகையாளர் சில்வி சிம்மன்ஸ், பல வருடங்கள் மற்றவர்களின் பாட்டைப் பற்றி எழுதியவர். லெனார்ட் கோஹனின் வாழ்க்கை வரலாற்றை 2012-ல் வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து, கையில் யூக்குலேலேயோடு தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதற்கும் முன்னால் அமெரிக்காவில் ஃபில் ஓக்ஸ். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜர்னலிசம் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை முடிக்காமல் நியூயார்க் போய் நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஆனார். ‘நியூஸ்வீக்’ மாதிரி பத்திரிகைகளைப் புரட்டிப் பாட்டுக்கு விஷயம் தேடினார். 1964-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பெயரே ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் முகப்பு வாசகத்தைத் திருப்பிப்போட்டதுதான்: அச்சிடத் தகுந்த செய்தி என்பது, பாடத் தகுந்த செய்தி ஆனது.

எண்ணூர் கதை இதிலிருந்து கொஞ்சம் மாறுபடுகிறது. இங்கே பத்திரிகையாளர் பாடவில்லை. அவர் எழுதிவந்த விஷயம் பாட்டானது.

அவர் பெயர் நித்தியானந்த் ஜெயராமன். பத்திரிகையாளர், சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர். கொடைக்கானலில் பாதரச தெர்மாமீட்டர் தயாரித்த யூனிலீவர் தொழிற்சாலையை எதிர்த்து 2001 முதல் எழுதியும் போராடியும் வந்தவர்களில் ஒருவர். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே வந்து, அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் இழப்பீடு மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கட்டுரைகள் வந்தன, மனுக்கள் போயின, வழக்கு நடந்தது.

2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாடினார். விளம்பர நிறுவனத்தில் காப்பிரைட்டராக வேலை பார்த்தவர். நிக்கி மினாஜின் பிரபலமான ஒரு பாட்டின் மெட்டில், கொடைக்கானல் விவகாரத்தைப் போட்டு உடைத்தார். மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். 14 வருடமாக அந்தப் பிரச்சினை பற்றி ஒரு வரிகூடப் படிக்காதவர்கள் மூன்று நிமிடத்தில் அதைத் தெரிந்துகொண்டார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே இதைச் சாதித்தது என்று சொன்னால் தொழிலாளர்களின் 15 வருடப் போராட்டத்துக்கு அநியாயம். ஆனால் பாட்டு வந்த பிறகு நிறுவனத்தால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். புறம்போக்கு பாட்டின் வீடியோவும் அவருடையதே. அதாவது கொடைக்கானலில் கற்றுக்கொண்ட பாடம் எண்ணூருக்கு வந்தது.

எண்ணூரில் அப்படி என்ன பிரச்சினை?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் கழிமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம் என்பதால் இறாலும் நண்டும் பெருகும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் அடுப்பு எரிவது அதை நம்பித்தான். மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக் கடலில் தள்ளுவதும் இதே கழிமுகம்.

அதைச் சுற்றி என்னென்ன வந்தன என்று பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), மணலி பக்கம் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால்? நேராக ஆற்றில். உடைந்தது, பலமுறை. ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து மேடானது. கழுத்தளவு தண்ணீரில் இறால் பிடித்த இடத்தில் முழங்கால் அளவுதான் ஆழம் என்கிறார்கள் மீனவர்கள்.

இதைவிட விநோதம் வரைபட விவகாரம். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்காக 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. கட்டுமானம் கூடாத பகுதி என்று போட்டிருக்கிறது. ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது அதிகாரிகள் கொடுத்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை. சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு, காணோம். வடிவேலு காமெடியில் கிணறுதான் காணாமல் போனது. இங்கே ஆறு.

இதைச் செய்தியாக எழுதலாம், எழுதினார்கள். ஆனால் சிஆர்இசட், மண்டல வரைபடம், சர்வே எண் என்று வரும் செய்தியை அடையாறில் இருக்கும் ஐடி ஊழியர் எத்தனை வரி படிப்பார்? இரண்டாவது பத்தியில் விரல் மேலே தள்ளிவிடும்.

சரி, ஏன் ‘புறம்போக்கு’?

வருவாய்த்துறைப் பதிவேட்டில் இது சாதாரணச் சொல். தனியார் பட்டா இல்லாத, வரி விதிக்கப்படாத, பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலம். ஏரிப் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்று வகை வகையாக உண்டு. மாடு மேய, தண்ணீர் தேங்க, ஊர் கூடுவதற்கான இடங்கள். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். அந்தச் சொல் எப்போது வசவானது? நிலத்துக்கு மதிப்பு என்றால் அது விலைதான் என்று நாம் நினைக்கத் தொடங்கியபோது. விலை போகாத நிலம் வீண் நிலம், அங்கே வாழ்பவர் வீண் மனிதர். சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியதும், ஏரியில் பேருந்து நிலையம் கட்டியதும் இந்த மனநிலையில்தான். 2015 டிசம்பர் வெள்ளம் அதற்கு வந்த பில்.

ஒரு கொள்கை விளக்கக் கட்டுரை பத்துப் பக்கத்தில் சொல்லும் இதை, பாடலாசிரியர் கபேர் வாசுகி ஒரு வசவுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். அவரே பாட்டு எழுதிப் பாடுகிறவர், சினிமாவுக்கு வெளியே இயங்குபவர். மெட்டமைத்தவர் வயலின் கலைஞர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார், ராகமாலிகையாக. கர்நாடக இசையில் தமிழ் உண்டு, தெலுங்கு உண்டு, சமஸ்கிருதம் உண்டு. தெருவில் பேசும் சென்னைத் தமிழ் இல்லை. மொழியிலும் ஒரு புறம்போக்கு இருந்தது. அதையும் இந்தப் பாட்டு உள்ளே கொண்டுவந்தது.

செய்தியைப் பாட்டாக்குவது இந்த ஊருக்குப் புதிதா என்றால், இல்லை. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் ஜார்ஜ் டவுன். அங்கே குஜிலிக் கடைத்தெருவில், 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், காலணா அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். மட்டமான தாள், சில பக்கங்கள். உள்ளே கொலைச் சிந்து, ரயில் விபத்து, வெள்ளம், புயல். விற்பவரே தெருமுனையில் நின்று பாடிக் காட்டுவார். செய்தித்தாள் வாங்கக் காசோ படிக்க எழுத்தோ இல்லாதவர்களுக்கு அதுதான் பிரேக்கிங் நியூஸ். வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று இதற்காகவே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அன்றைய படித்த கூட்டம் இதையெல்லாம் குப்பை என்றது. பிற்பாடு கானாவுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

கானா என்றதும் ஒரு நியாயமான கேள்வி வருகிறது. எண்ணூரின் வலியைப் பாட மயிலாப்பூர் சபாக்களின் நட்சத்திரம் ஏன் வேண்டும்? வடசென்னைக்குச் சொந்தமாகப் பாட்டே இல்லையா?

இருக்கிறது. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடி, இறந்தவரின் வாழ்க்கையை வரிவரியாகச் சொல்வதே கானாவின் அடிப்படை. அதைவிட நெருக்கமான ரிப்போர்ட்டிங் எது? ஆனால் 2017-ல் தேசிய ஊடகங்கள் எண்ணூர் பக்கம் திரும்பியதற்குக் காரணம், பாடியவர் முந்தைய ஆண்டு மகசேசே விருது வாங்கிய கிருஷ்ணா என்பதும்தான். அதைக் கிருஷ்ணாவின் குறையாகச் சொல்ல முடியாது. தனக்குக் கிடைக்கும் கவனத்தை அவர் எண்ணூருக்குத் திருப்பிவிட்டார். குறை, யார் பாடினால் காது கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அடுத்த ஆண்டே காட்சி கொஞ்சம் மாறியது. 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ இசைக்குழுவில் இருந்த டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாப் பாடகர்கள் அங்கே யாருக்கும் பின்பாட்டு பாடவில்லை, நடுவில் நின்றார்கள். ஆண்கள் கோட்டையான கானாவில் ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி அந்த மேடையில் பாடினார். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பாட்டால் எண்ணூருக்கு என்ன கிடைத்தது?

பாட்டு வந்து இரண்டு வாரத்தில், ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் அதை வாளியில் அள்ளினார்கள். அந்த அக்டோபரில் கமல்ஹாசன் கழிமுகத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2022-ல் சாம்பல் மாசு வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டது பாடகர் அல்ல, மீனவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது. மறுபடியும் வாளி, மக். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உர ஆலையின் அமோனியா குழாய் கசிந்து, மூச்சுத்திணறலோடு மக்கள் தெருவில் ஓடினார்கள்.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றுக்கும் இப்படி ஒரு பாடகர் கிடைத்தார். பீட் சீகர். பத்திரிகையாளர் ஆகும் ஆசையில் ஹார்வர்டு போய், 1938-ல் படிப்பை விட்டவர். அவர் ஆற்றுக்காகப் பாடியதோடு நிற்கவில்லை. கச்சேரி நடத்திப் பணம் திரட்டி ‘கிளியர்வாட்டர்’ என்று ஒரு பாய்மரப் படகு கட்டினார். 1969-ல் அது தண்ணீரில் இறங்கியது. ஆற்றில் ரசாயனம் கலந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆற்றின் அடியைத் தோண்டிச் சுத்தம் செய்யத் தொடங்கியது 2009-ல். நடுவில் 40 வருடம்.

எண்ணூர் பாட்டுக்கு இன்னும் பத்து வருடம்கூட முடியவில்லை. 2024 டிசம்பரில், மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மைக் பிடித்தவர்களில் பலர் அந்தப் பகுதிக்காரர்கள். வேண்டாம் என்றார்கள்.