இறக்கை எங்கே முளைக்கணும்? பழ ஈயின் உடலில் 'போதும்' சொல்லும் குட்டி ஆர்என்ஏ!

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ சீசனில் அழுகிய பழத்தை மொய்க்கும் குட்டி ஈயைப் பார்த்திருப்பீங்க. மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ வேறு. இது டிரோசோஃபிலா. 100 ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளின் செல்லப்பிள்ளை. ஓசூர் எல்லை தாண்டினால், பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இதை வளர்த்து ஆராய்கிறார்கள்.

ஈயில் அப்படி என்ன இருக்கு?

இந்த ஈக்கு 2 இறக்கைகள். அதற்குப் பின்னால் குண்டூசித் தலை போல 2 உறுப்புகள். பெயர் ஹால்டியர். பறக்கும்போது சமநிலை தருவது இதுதான். அந்த இடத்தில் இறக்கை முளைக்காமல் தடுப்பது 'அல்ட்ராபைதோராக்ஸ்' என்ற மரபணு. அது அங்கே வேலை செய்யாவிட்டால் 4 இறக்கை ஈ பிறக்கும். இதை ஆராய்ந்த அமெரிக்கரான எட்வர்ட் லூயிஸ் 1995-ல் நோபல் பெற்றார். இந்தியாவில் இதே மரபணுவை நீண்டகாலம் ஆராய்ந்தவர் எல்.எஸ்.சசிதரா.

குட்டி ஆர்என்ஏ என்ன செய்யுது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியை நினைச்சுக்கோங்க. ஆபீஸ் பீரோவில் இருக்கும் மூல டிராயிங்தான் டிஎன்ஏ. மெஷினுக்கு வரும் நகல், தூது ஆர்என்ஏ. தயாராகும் பாகம், புரதம். நகலைப் பிடித்து நிறுத்திவைக்கும் சூப்பர்வைசர்தான் மைக்ரோ ஆர்என்ஏ. நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். இதிலிருந்து புரதம் உருவாகாது. ஆனால் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியைக் குறைத்துவிடும்.

ஆதாரம் என்ன?

2005-ல் வெளியான ஆய்வில், ஹால்டியர் உருவாகும் இடத்தில் 'ஐஏபி-4' என்ற மைக்ரோ ஆர்என்ஏவை அதிகமாகச் சுரக்க வைத்தார்கள். அல்ட்ராபைதோராக்ஸ் புரதம் குறைந்தது. ஹால்டியர் இறக்கை போல மாறியது!

2003-ல் கண்டறியப்பட்ட 'பாண்டம்' இன்னொரு உதாரணம். செல்லைச் சாகச் சொல்லும் 'ஹிட்' மரபணுவை இது அடக்குகிறது. பாண்டம் அளவு கூடினால் திசு அளவுக்கு மீறி வளரும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

மைக்ரோ ஆர்என்ஏ முதலில் தெரியவந்தது 1993-ல், ஒரு குட்டிப் புழுவில். அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024-ல் நோபல் பெற்றனர். மனித உடலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏக்கள் உண்டு. அவற்றை வெட்டித் தயாரிக்கும் 'டைசர்' என்சைம் ஈயிலும் இருக்கு, நம்மிடமும் இருக்கு. மனிதர்களில் அந்த மரபணு பிறவியிலேயே பழுதானால், குழந்தைகளுக்குச் சில அரிய வகைப் புற்றுநோய்கள் வரும் ஆபத்து கூடுகிறது. 'வளர்' என்ற உத்தரவைப் போலவே, 'போதும்' என்ற உத்தரவும் உடலுக்கு அவசியம்.