எதிரெதிரே வரும் கூட்டம் ஏன் முட்டிக்கொள்வதில்லை?

தீபாவளி நெருங்கும்போது சின்னாளப்பட்டிக் கடைவீதியில் சுங்குடிச் சேலை வாங்க வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். அப்போது ஒரு மாடியில் ஏறி நின்று கீழே பாருங்கள். இல்லையென்றால், திண்டுக்கல் போகும் நாளில் காமராஜர் பேருந்து நிலையத்துக்கு வெளியே, சாலையைக் கடப்பவர்களைப் பாருங்கள்.

இந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டம் இறங்குகிறது. அந்தப் பக்கமிருந்தும் ஒரு கூட்டம். நடுச்சாலையில் இரண்டும் சந்திக்கின்றன. முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? நிற்பதில்லை!

என்ன நடக்கிறது என்று உற்றுப் பாருங்கள். சேலை மூட்டையைத் தோளில் போட்ட ஒருவர் எதிர்க்கூட்டத்துக்குள் நுழைகிறார். இரண்டு பேர் ஒதுங்குகிறார்கள். ஓர் ஆள் அகலத்துக்கு வழி திறக்கிறது. அது மூடிக்கொள்வதற்குள் பின்னால் வந்த அக்கா அதில் புகுந்துவிடுகிறார். அவர் பின்னாலேயே பள்ளிக்கூடப் பையன் ஒருவன். அவ்வளவுதான், ஒரு வரிசை உருவாகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் இன்னொரு வரிசை.

நெசவாளர் வீட்டில் பாவு போடும்போது ஒவ்வொரு இழையையும் கைவைத்துப் பிரித்து அதனதன் இடத்தில் சேர்ப்பார்கள். சாலையில் இந்த மனித இழைகளைப் பிரித்துவிட்டது யார்? யாருமே இல்லை. எனக்கு இன்றைக்கும் தீராத வியப்பு இது.

ஜெர்மனியில் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1995இல் இதைக் கணினியில் கணக்காகவே போட்டார்கள். கணினிக்குள் இருந்த ஒவ்வொரு ‘நடப்பவருக்கும்’ அவர்கள் கொடுத்த விதிகள் மிக எளியவை: போக வேண்டிய இடத்தை நோக்கி உன் வேகத்தில் நட, அடுத்தவர் மேலும் சுவர் மேலும் இடிக்காமல் விலகிப் போ. வரிசையில் போ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனாலும் வரிசைகள் தானாக வந்தன! காரணம் இதுதான்: எதிரே வருபவருக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டும். நம் திசையிலேயே போகிறவர் பின்னால் நடந்தால் ஒதுங்குகிற வேலை குறைவு.

நெரிசலில் நடப்பதில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். இந்தியாவிலும் ஜெர்மனியிலும் ஆட்களை ஒற்றை வரிசையில் நடக்கவைத்து, கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் ஜெர்மன் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒப்பிட்டார்கள். 2009இல் வந்த அந்த ஆய்வில், முன்னால் போகிறவருக்கும் தமக்கும் இடையே இந்தியர்கள் விட்ட இடைவெளி குறைவாக இருந்தது. நெரிசல் கூடியபோது அவர்கள் வேகம் ஜெர்மானியர்களின் வேகம் அளவுக்குக் குறையவும் இல்லை.

ஜப்பானில் நடந்த சோதனை இன்னும் சுவையானது. அந்த நாட்டு ஆய்வாளர்கள் 54 பேரை இரண்டு அணியாகப் பிரித்து எதிரெதிரே நடக்கவிட்டார்கள். ஒரே ஓர் அணியில் மூன்று பேருக்கு மட்டும் கையில் செல்போன். அதைப் பார்த்துச் சின்னக் கணக்குப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்த மூவரும் முன்வரிசையில் இருந்தபோது, வரிசைகள் உருவாகவே தாமதமானது. 2021இல் வெளியான முடிவு இது.

மூன்று பேர் பார்க்காமல் நடந்தால் மற்றவர்கள் ஏன் தடுமாற வேண்டும்? நாம் ஒதுங்கும்போது எதிராளி எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று ஊகித்துத்தான் ஒதுங்குகிறோம். அவரும் நம்மை அப்படியே ஊகிக்கிறார். குனிந்த தலையிடம் அந்தக் குறிப்பு கிடைப்பதில்லை. செல்போன் இல்லாதவர்களும் தட்டுத்தடுமாறினார்கள்.

வரிசைகள் தானாக உருவாகிவிடும். ஆனால் எல்லோரும் கடந்து முடிக்கப் பச்சை விளக்கின் நேரம் போதுமா? இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரோடு நடைபாதையில், பத்திரமான இடத்தில் நில்லுங்கள். நான்குவழிச் சாலையின் அகலம் சுமார் 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிற ஒருவர் 12 நொடிக்குள் கடந்துவிடுவார். ஒரு பாட்டி நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் என்றால், அதே 12 நொடியில் அவருக்கு இன்னும் 4.4 மீட்டர் பாக்கி இருக்கும். அதாவது, ஒரு லாரி போகிற தடத்துக்கும் மேல்! நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று எண்ணுங்கள். கடைசியாகக் கடந்தவர் யார், அவருக்கு எத்தனை நொடி ஆனது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.