உங்களுக்குத் தெரியுமா? கட்டி மார்பில், காரணம் ரத்தத்தில்!

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டி எல்லாம் மார்பகப் புற்றுநோய் அல்ல.

மைலோஃபைப்ரோசிஸ் என்ற நாள்பட்ட ரத்த நோயில் எலும்பு மஜ்ஜை தழும்பேறிவிடும். ரத்த உற்பத்தி மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் குடிபெயரும். மிக அரிதாக மார்பகத்துக்கும்! அங்கே தோன்றும் மெகாகாரியோசைட் என்ற ராட்சத செல்கள், நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுநோய் செல்களைப் போலவே இருக்கும். தேர்ந்த நிபுணரே தடுமாறும் இடம் இது. சிடி61 என்ற புரதத்தைக் காட்டும் சாயச் சோதனைதான் குட்டை உடைக்கும்.

அதற்காக, ‘ரத்த நோயின் வேலைதான்’ என்று அசட்டையாகவும் விட முடியாது. 1943 முதல் நாடு முழுக்கப் புற்றுநோயைப் பதிவுசெய்யும் டென்மார்க்கில், 1977–2008 காலப் பதிவுகளை அலசிய ஆய்வு 2011இல் ‘பிளட்’ இதழில் வெளியானது. மைலோஃபைப்ரோசிஸின் குடும்பத்தைச் சேர்ந்த ரத்த நோயான பாலிசைத்தீமியா வேரா உள்ளவர்களுக்கு வேறொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு, பொதுமக்களைவிட 1.4 மடங்கு!

ரத்த நோய்க்குச் சிகிச்சை பெறுபவரா நீங்கள்? கட்டியின் திசுவைச் சோதிக்க அனுப்பும் பயாப்ஸி சீட்டில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.