பழைய கம்ப்யூட்டர் "டிஸ்க் இல்லை" என்கிறதா? எடைக்குப் போடும் முன் இதைப் படியுங்கள்!

மாட்டுங்கா, செம்பூர், தாராவி பகுதிகளில் தமிழர் வீட்டுப் பரண்களில் இன்னும் பல பழைய கம்ப்யூட்டர்கள் தூசி படிந்து கிடக்கின்றன. 1990-களின் கடைசியில் தவணை கட்டி வாங்கியவை அவை. அப்பா ஆபீஸ் கணக்குப் போட்டதும், அம்மா ஊருக்கு எழுதிய கடிதத்தை அக்கா தமிழில் தட்டச்சு செய்ததும், பிள்ளைகள் "பிரின்ஸ் ஆப் பெர்ஷியா", "டூம்", "ரோட் ராஷ்" என்று போட்டி போட்டு விளையாடியதும் அந்தப் பெட்டிகளில்தான்.

அந்தப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். பழைய விளையாட்டைப் பழைய பெட்டியிலேயே விளையாட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வந்திருக்கிறது. உலகம் முழுவதும் இது ஒரு பொழுதுபோக்காகப் பரவி உள்ளது.

பெட்டியைப் பரணில் இருந்து இறக்குகிறார்கள். சுவிட்சைப் போடுகிறார்கள். விசிறி சுற்றுகிறது. திரையில் நாலு வரி ஓடுகிறது. அதோடு சரி! "டிஸ்க் இல்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது.

"டிஸ்க் போயிடுச்சு. எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். பல சமயங்களில் டிஸ்க் நன்றாகவே இருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

ரெக்கார்டு ரூம்

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்.

ஹார்டு டிஸ்க் என்பது ரெக்கார்டு ரூம். பைல்கள் எல்லாம் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. "கண்ட்ரோலர்" என்பது ரெக்கார்டு கீப்பர். கேட்ட பைலை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. இருவருக்கும் இடையே உள்ள பட்டை ஒயர்தான் நடைபாதை. எந்த அலமாரியில் எத்தனை தட்டு என்று எழுதி வைத்துள்ள ரிஜிஸ்தர் "பயாஸ்" நினைவகத்தில் இருக்கிறது.

ரிஜிஸ்தர் தொலைந்தாலும், நடைபாதை அடைபட்டாலும், ரெக்கார்டு கீப்பர் லீவில் போனாலும் பைல் கைக்கு வராது. அதற்காக பைல்கள் எரிந்துவிட்டன என்று அர்த்தமா?

உலகின் முதல் ஹார்டு டிஸ்க் 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்டது. 50 தட்டுகள் கொண்ட அந்த ராட்சத எந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். 1983-ல் வந்த ஐ.பி.எம். "எக்ஸ்.டி." கம்ப்யூட்டரில் 10 மெகாபைட் டிஸ்க் இருந்தது. நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் "ஐ.டி.இ." என்ற வகை டிஸ்குகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதே.

முதலில் சுவிட்சைப் போடாதீர்கள்

பல ஆண்டுகள் கிடந்த பெட்டியை எடுத்ததும் கரண்ட் கொடுக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள்.

மதர்போர்டில் சிறு டப்பா போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா? கசிந்திருக்கிறதா? 1999 முதல் சில ஆண்டுகள் வந்த போர்டுகளில் இந்தக் கோளாறு உலகம் முழுவதும் ஏற்பட்டது. உப்பியிருந்தால் அவற்றை மாற்றிய பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பேட்டரி

அடுத்தது பேட்டரி. ரிஜிஸ்தரைக் காப்பாற்றுவது இதுதான். நாணயம் போன்ற 3 வோல்ட் "சி.ஆர்.2032" பேட்டரி இருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

386, 486 காலத்துப் போர்டுகளில் உருளை வடிவ பேட்டரியை நேராகப் பற்ற வைத்திருப்பார்கள். அது கசிந்து போர்டையே பச்சை பூத்து அரித்துவிடும். அதை வெட்டி எடுத்து, கசிந்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து நன்றாக உலர விட வேண்டும்.

பேட்டரி செத்தால் டிஸ்கின் அளவு கம்ப்யூட்டருக்கு மறந்து போகும். "பயாஸ்" பக்கத்துக்குப் போய் "ஆட்டோ டிடெக்ட்" கொடுத்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். மிகப் பழைய போர்டானால் டிஸ்க் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை நாமே எழுத வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நார்மல்", "லார்ஜ்", "எல்.பி.ஏ." என்று மூன்று முறைகள் இருக்கும். டிஸ்கை முதலில் எந்த முறையில் பார்மட் செய்தார்களோ அதே முறை வேண்டும். மாறினால் பைல்கள் கன்னாபின்னா என்று தெரியும். அந்த நிலையில் டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். முறையை மாற்றிப் பாருங்கள்.

சிவப்புக் கோடு

பட்டை ஒயரின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது 1-ம் நம்பர் பின்னைக் காட்டுகிறது. டிஸ்கில் பெரும்பாலும் பவர் சாக்கெட் இருக்கும் பக்கமே அது அமையும். தலைகீழாகச் செருகினால் டிஸ்க் தெரியாது.

ஒயரில் இரண்டு வகை உண்டு. பழையதில் 40 இழை. பிறகு வந்ததில் 80 இழை. 80 இழை ஒயரில் நீல முனை மதர்போர்டுக்கு. கறுப்பு முனை முதல் டிஸ்குக்கு. நடுவே உள்ள சாம்பல் நிறம் இரண்டாவதற்கு. ஒயரின் நீளம் 45 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதைவிட நீளமானதை வாங்கிப் போட்டால் தகவல் வழியில் சிதையும்.

மடங்கி நசுங்கிய ஒயரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான்.

ஒரு வீட்டில் இரண்டு எஜமானர்!

ஒரே ஒயரில் இரண்டு டிஸ்குகளை மாட்டலாம். ஆனால் ஒன்று "மாஸ்டர்" ஆகவும், மற்றது "ஸ்லேவ்" ஆகவும் இருக்க வேண்டும். டிஸ்கின் பின்புறம் உள்ள "ஜம்பர்" என்ற சின்னஞ்சிறு தொப்பிதான் இதை முடிவு செய்கிறது. இரண்டுமே மாஸ்டர் ஆனால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

சி.டி. டிரைவும் இந்தக் கணக்கில் சேரும். பிற்காலத்தில் யாரோ சி.டி. டிரைவ் மாட்டிக் கொடுத்திருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு டிஸ்கை மட்டும் வைத்துப் பாருங்கள். டிஸ்க் உயிர் பெற்றால் ஜம்பரில்தான் வில்லங்கம்.

சில வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகளில் "தனி டிஸ்க்" என்பதற்கும் "கூட ஒரு ஸ்லேவ் உள்ள மாஸ்டர்" என்பதற்கும் ஜம்பர் இடம் வேறு வேறு. மேலே ஒட்டியுள்ள படத்தைப் பார்த்தே செருக வேண்டும்.

காது கொடுத்துக் கேளுங்கள்

இப்போது கரண்ட் கொடுங்கள். டிஸ்க் பக்கம் காதை வையுங்கள்.

சத்தமே இல்லையா? பவர் ஒயரைப் பாருங்கள். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், அது மோட்டாருக்கு. சிவப்பில் 5 வோல்ட். அது டிஸ்கின் சர்க்யூட்டுக்கு. வேறொரு பவர் முனையை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

சுற்றும் சத்தம் சீராகக் கேட்கிறதா? நல்ல சகுனம்! கோளாறு ஒயரிலோ, ஜம்பரிலோ, கண்ட்ரோலரிலோ இருக்கலாம்.

"டிக்... டிக்..." என்று ஒரே தாளத்தில் தட்டுகிறதா? உடனே நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் சேதம் கூடும்.

எக்காரணம் கொண்டும் டிஸ்கின் மூடியைக் கழற்றக் கூடாது. படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு தலைமுடிகூட நுழையாது. நம் ஊர்த் தூசு ஒன்று விழுந்தால் போதும், தட்டைக் கீறிவிடும்.

கண்ட்ரோலர் கோளாறா?

386 கம்ப்யூட்டர்களிலும் ஆரம்ப கால 486-லும் கண்ட்ரோலர் தனி கார்டாக இருக்கும். மழைக்கால ஈரமும் கடல் காற்றும் அதன் தங்க நிறப் பற்களில் அழுக்கு ஏற்றிவிடும். கார்டைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, மீண்டும் அழுத்திச் செருகுங்கள். இந்த எளிய வைத்தியத்தில் பிழைத்த பெட்டிகள் பல.

பென்டியம் காலத்தில் கண்ட்ரோலர் மதர்போர்டிலேயே வந்துவிட்டது. "பிரைமரி", "செகண்டரி" என இரண்டு சாக்கெட் இருக்கும். ஒன்றில் தெரியாத டிஸ்கை மற்றதில் மாட்டிப் பாருங்கள். அங்கே தெரிந்தால், முதல் சாக்கெட்டோ "பயாஸ்" பக்கத்தில் அதன் சுவிட்சோதான் குற்றவாளி.

பழைய சவுண்டு கார்டுகள் சிலவற்றிலும் இதே 40 பின் சாக்கெட் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பல, பானசோனிக், மிட்சுமி சி.டி. டிரைவுகளுக்காகத் தனியாகச் செய்யப்பட்டவை. ஹார்டு டிஸ்க் அதில் வேலை செய்யாது.

எப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது.

பிளாப்பி

பிளாப்பி டிரைவின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஒயர் தலைகீழாக உள்ளது என்று அர்த்தம். ஒயரில் முறுக்கு உள்ள முனையில் மாட்டுவதுதான் "ஏ" டிரைவ்.

மும்பை மழைக்காலத்தில் பிளாப்பி தட்டில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். அது டிரைவின் முனையைக் கெடுத்து, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பிகளையும் கெடுக்கும்.

பெரிய டிஸ்க் ஆகாது

பழைய டிஸ்க் உண்மையிலேயே செத்துவிட்டால்? இருப்பதில் பெரியதை வாங்கிப் போட்டால் பெட்டி ஏற்காது.

பழைய "பயாஸ்" போடும் கணக்கு இது: 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 52 கோடியே 84 லட்சத்து 82 ஆயிரத்து 304 பைட். அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது! பிறகு வந்தவற்றுக்கு 8.4 ஜிகாபைட், அதற்கும் பிறகு வந்தவற்றுக்கு 137 ஜிகாபைட் என்று எல்லைகள் இருந்தன. 'டாஸ்' 6.22-ல் ஒரு பிரிவு 2 ஜிகாபைட்டைத் தாண்டாது.

அதனால் இப்போது பலரும் கேமராவுக்கு வந்த "காம்பாக்ட் பிளாஷ்" கார்டை ஒரு சிறு அடாப்டரில் செருகி ஹார்டு டிஸ்க்காகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கார்டுக்கு ஐ.டி.இ. பாஷை இயல்பாகவே தெரியும். சத்தமில்லை, சூடில்லை. பழைய விளையாட்டுகளுக்கு 2 ஜிகாபைட் கார்டே தாராளம்.

விளையாட்டைவிட முக்கியம்

விளையாட்டு திரும்பக் கிடைக்கும். ஆனால் பாட்டியின் படம்? அப்பாவின் கடிதம்? அவை அந்த ஒரு டிஸ்கில் மட்டும் இருக்கலாம்.

ஆகவே டிஸ்க் தெரிந்ததும் விளையாட உட்காராதீர்கள். கம்ப்யூட்டர் "பார்மட் செய்யலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் இன்றைய கம்ப்யூட்டரில் மாட்டி, முழு டிஸ்கையும் அப்படியே நகல் எடுங்கள். தட்டுத் தடுமாறும் டிஸ்குக்கு "டிடிரெஸ்க்யூ" என்ற இலவச மென்பொருள் உதவும். அது நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்குப் பிறகு வரும்.

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் இன்று புரியாத குறிகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முற்பட்டவை. அந்த எழுத்துரு பைலையும் சேர்த்து நகல் எடுத்து வையுங்கள். மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன.

2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறக்க முடியாது. தண்ணீரில் மூழ்கிய டிஸ்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அடுப்புச் சூட்டிலோ வெயிலிலோ காய வைக்கவும் கூடாது. தகவல் மீட்பு நிபுணரிடம் அப்படியே கொடுப்பதுதான் சரி.

எங்கே போவது?

ஒயர், அடாப்டர், பேட்டரி எல்லாவற்றுக்கும் லேமிங்டன் ரோடு இருக்கிறது. டாக்டர் தாதாசாகிப் பட்கம்கர் மார்க் என்பது அதன் அரசாங்கப் பெயர். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம். தாராவிக்காரர்கள் மாகிமில் ஸ்லோ ரெயில் ஏறலாம். மாட்டுங்காவில் மத்திய ரெயில்வே வழியாக வருபவர்கள் தாதரில் மாற வேண்டும். செம்பூர்க்காரர்கள் குர்லா, தாதர் என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும். பழைய டிஸ்குகளையும் கார்டுகளையும் சோர் பஜாரில் தேடலாம். கடைக்காரர் ஓட்டிக் காட்டினால் மட்டும் காசு கொடுங்கள்.

கொடுக்கும் முன்...

கடைசியாக ஒன்று. எதுவும் பலிக்காமல் பெட்டியை எடைக்குப் போடுவதாக இருந்தாலும் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பைலை "டெலிட்" செய்தால் அது அழிவதில்லை. ரெக்கார்டு ரூமின் அட்டவணையில் இருந்து பெயர் மட்டும் அடிக்கப்படுகிறது. பேங்கு கணக்கு, பி.எப். நம்பர், குடும்பப் படம் எல்லாம் இன்னொருவர் கையில் கிடைக்கும். முழு டிஸ்கிலும் வேறு தகவலை எழுதி நிரப்பினால்தான் பழையது போகும்.

பெட்டி போய்ச் சேரும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். தாராவியில் நெடுங்காலமாகப் பழைய சாமான்களைப் பிரித்து வாழ்பவர்களில் நம்மவர்களும் உண்டு. போர்டில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக ஒயரை எரித்தால் வரும் புகை நஞ்சு. மின்னணுக் கழிவுகளுக்கென்று 2011-ல் தனி விதிகள் வந்தன. 2022-ல் வந்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. பதிவு பெற்ற நிறுவனத்திடம் கொடுத்தால் அந்தப் புகை எந்தத் தொழிலாளியின் நெஞ்சிலும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு ஸ்குரு டிரைவர், ஒரு பேட்டரி, ஒரு பட்டை ஒயர், ஒரு பென்சில் ரப்பர் போதும். எடைக்குப் போகவிருந்த பெட்டியில் இருந்து குடும்பத்தின் பத்து வருடக் கதை திரும்பக் கிடைக்கலாம். நகல் எடுத்து முடித்ததும் ஒரு ஆட்டம் போடுங்கள்!