ஈரப்பத நீக்கி: நீரை வெளியேற்றும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

மழைக்காலத்தில் செட்டிநாட்டு வீடுகளின் காற்றோட்டமற்ற அறைகளில் பூஞ்சை படரக்கூடும். அது ஆஸ்துமாவைத் தூண்டும். ஈரப்பத நீக்கி பயன்படுத்துவோர், அதில் சேரும் நீர் தேங்காதவாறு வெளியேற்றும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொட்டி: நாள்தோறும் காலி செய்ய வீட்டில் ஒருவர் இருப்பின் ஏற்றது.

குழாய்: முதியோர் தனித்து வாழும் வீடுகளுக்கு உகந்தது. குழாய் சரிவாக அமைந்து, முற்றத்து வடிகாலைச் சென்றடைய வேண்டும்; முற்றத்தில் நீர் தேங்கக் கூடாது.

பம்பு: வடிகால் கருவியைவிட உயரத்தில் இருப்பின் தேவைப்படும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் முழு வளர்ச்சி பெறும். அதன் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறையேனும் தேய்த்துக் கழுவுக.

இந்நீர் தெளிவாகத் தோன்றினாலும் தூய்மையானதன்று. இதனைப் பருகவோ நெபுலைசரில் பயன்படுத்தவோ கூடாது.