பூக்கிறது, காய்க்கவில்லை: இளம் பழமரத்தை வெட்டுவதற்கு முன்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் வளவில் நிற்கும் இளம் மாமரம் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் மாசி முடிவதற்குள் பூக்கள் எல்லாம் சருகாகி மரத்தின் கீழ் கிடக்கின்றன. மரத்தில் ஒரு காயும் இல்லை. அடுத்த ஆண்டும் இப்படியே நடந்தால், “இது மலட்டு மரம்” என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. அதன் பின்னால் கோடரியும் வந்துவிடுகிறது.

கிராமங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. 2009 இற்குப் பின்னர் வன்னியில் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பல, மரமே இல்லாத வளவுகளில்தான் வாழ்க்கையை மீண்டும் தொடங்கின. அங்கு நாட்டிய ஒவ்வொரு கன்றுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வீட்டு வளவில் விளைவதன் அருமையை எல்லோருக்கும் உணர்த்தியது. நான்கு ஆண்டுகள் வளர்த்த மரத்தைக் காரணம் அறியாமல் வெட்டினால், அந்த நான்கு ஆண்டு உழைப்பையும் சேர்த்தே வெட்டுகிறோம். ஆகவே மரம் ஏன் காய்க்கவில்லை என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

பூக்கும் வயது வேறு, காய்க்கும் வயது வேறு

ஒட்டு மாங்கன்றின் மேற்பகுதி, ஏற்கெனவே காய்த்துவந்த முதிர்ந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்ட கிளையாகும். எனவே நட்ட முதலாம் ஆண்டிலேயே, சிலவேளை நாற்றுமேடைப் பையில் இருக்கும்போதே, அது பூத்துவிடும். ஆனால் அதன் வேரோ இன்னும் குழந்தை வேர். காயைத் தாங்கிப் பருக்கச் செய்யும் உணவு அந்தச் சிறு மரத்தில் இல்லை. ஆகவே மரம் தானாகவே பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடுகிறது. இது நோயன்று, மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும் பூங்கொத்துக்களை, அவை விரல் நீளம் வளர்ந்ததும் நாமே கிள்ளிவிட வேண்டும். இதற்குப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் பூவுக்குச் செல்லும் சத்து வேருக்கும் கிளைக்கும் சென்றால்தான் மரம் தேறும். கொட்டையிலிருந்து முளைத்த மாமரம் காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லலாம். இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். அவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட முற்றிய காயாவதில்லை. ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் நின்றாலே அது நல்ல விளைச்சல்தான்.

ஆண்பூவைக் கண்டு ஏமாறுதல்

பூசணிக் கொடியில் முதலில் வருபவை ஆண்பூக்கள் என்பதும், அடியில் சிறு பிஞ்சுடன் வருவதே பெண்பூ என்பதும் தோட்டம் செய்யும் எவருக்கும் தெரியும். பழமரங்கள் சிலவும் இப்படித்தான்.

மாதுளையில் இருவகைப் பூக்கள் உண்டு. அடிப்பகுதி ஒடுங்கி மணிபோல் இருப்பது ஆண்தன்மையுள்ள பூ. அது உதிர்ந்தே தீரும். அடிப்பகுதி பருத்துச் சிறு குடம்போல் இருப்பதே காயாகும். இளஞ்செடியில் மணிப்பூக்கள் மிகுதி. செடி முதிர முதிரக் குடப்பூக்கள் கூடும்.

பலாவிலும் முதலில் ஆண் பூங்கொத்துக்களே பெருமளவில் வரும். சில நாட்களில் அவை கறுத்து, பூஞ்சணம் பிடித்து விழும். “பிஞ்செல்லாம் அழுகி விழுகிறது” என்று கவலைப்பட வேண்டாம். பெண் பூங்கொத்து பெரும்பாலும் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும், தடித்த காம்புடன் வரும்.

பப்பாசியில் மட்டும் கதை வேறு. நீண்டு தொங்கும் காம்புகளில் சிறு பூக்கள் கொத்தாகத் தொங்கினால் அது ஆண்மரம், காத்திருந்து பயனில்லை. பெண்மரங்கள் பல நிற்கும் வளவில் மகரந்தத்துக்காக ஓர் ஆண்மரத்தை விட்டு, ஏனையவற்றை அகற்றலாம்.

ஒரே பூ, இரண்டு வேளை

அன்னமுன்னா நிறையப் பூத்தும் காய்க்காதிருப்பது நமது வளவுகளில் வழக்கமான காட்சி. இதன் பூ முதலில் பெண்ணாக இருக்கும். பின்னரே ஆணாக மாறி மகரந்தத்தைக் கொட்டும். ஆகவே தன் மகரந்தம் தனக்கு உதவாது. சின்னஞ்சிறு வண்டுகள்தான் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த நாட்களில் இவ்வண்டுகள் குறைவு.

இதற்குக் கையால் உதவலாம். இதழ்கள் நன்கு விரிந்து தூள் கொட்டும் பூக்களிலிருந்து மகரந்தத்தை ஒரு சிறு கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். காலையில், இதழ்கள் சற்றே பிரிந்த பூக்களின் நடுப்பகுதியில் மென்மையான தூரிகையால் அதைத் தடவ வேண்டும். பிள்ளைகள் இவ்வேலையை விரும்பிச் செய்வார்கள்.

மலையகத்து வாசகர்களுக்குப் பட்டர்புருட் இதே கேள்வியைத் தருகிறது. அதன் பூ ஒரு நாள் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் ஆணாக விரிகிறது. ஒருவகை மரத்தில் பெண்வேளை காலையிலும், மற்றவகையில் பிற்பகலிலும் அமையும். இரு வகையும் அருகருகே நின்றால் காய் பிடிப்பது கூடும். தனிமரம் காய்க்காவிட்டால் பக்கத்து வீட்டாருடன் பேசி மற்ற வகையை நாட்டுவது நல்லது.

ஈக்களை விரட்டாதீர்கள்

மாம்பூவில் மகரந்தம் காற்றால் பரவுவது மிகக் குறைவு. ஈக்களும் சிறு தேனீக்களுமே அதன் நண்பர்கள். நாம் அருவருக்கும் பெரிய நீல ஈயும் இதில் அடங்கும். பூ மலர்ந்திருக்கும் காலத்தில் பூச்சிநாசினி விசிறினால் இவை அழிந்துபோகும். பூ வீணே உதிரும். மருந்து அவசியமாயின் பூ விரியும் முன் அல்லது பிஞ்சு பிடித்த பின் இடுவதே முறை.

தண்ணீரும் பசளையும்

கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலின் ஓரத்திலும் நிற்கும் மரம் செழித்து நிற்கும்; ஆனால் காய் குறைவு. ஓயாத ஈரமும் மிகையான நைதரசனும் மரத்தை இலை விடவே தூண்டுகின்றன. யூரியாவை அள்ளி இடுவதும் அப்படியே. மாவுக்குப் பூக்கும் முன் ஒன்றிரண்டு மாத வறட்சி தேவை. நமது உலர் வலயத்தில் மாரிக்குப் பின்வரும் காலம் அதை இயற்கையாகவே தருகிறது. நன்கு வேரூன்றிய மரத்துக்கு அக்காலத்தில் நீர் பாய்ச்ச வேண்டாம். பிஞ்சுகள் மிளகளவு வந்ததும் நீரைத் தொடங்கி, இடைவிடாது கொடுக்க வேண்டும். காயவிட்டுப் பின் வெள்ளமாக ஊற்றினால் பிஞ்சு கொட்டும்.

கூட்டெருவையும் மக்கிய மாட்டெருவையும் அடிமரத்தை ஒட்டி இடாமல், மதிய நிழல் விழும் ஓரத்தில் வட்டமாக இட வேண்டும். சத்தை உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் உள்ளன. இடுவதற்கு ஏற்ற காலம் மாரி தொடங்கும்போது. அதன்மேல் சருகு, வைக்கோல் கொண்டு மூடுபடை இட்டால் ஈரம் காக்கப்படும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நிலங்களில் நாகம், இரும்பு போன்ற நுண்சத்துக்களைச் செடி எடுப்பது கடினம். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

வேம்பின் கீழும் உயர்ந்த மதிலின் ஓரத்திலும் நிற்கும் மரத்துக்கு வெயில் போதாது. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மறைக்கும் கிளைகளைத் தறிப்பதே இதற்கு மருந்து.

பூவைக் கெடுப்பவை

பூங்கொத்தில் மா தூவியதுபோல் வெள்ளைப்பூச்சு இருந்தால் அது தூள் பூஞ்சண நோய். பனிவிழும் இரவுகளில் இது விரைந்து பரவும். கரும்புள்ளிகள் தோன்றிக் கொத்துக் கருகினால், காலந்தவறிய மழையால் வரும் வேறொரு பூஞ்சண நோயாகலாம். கொத்தை வெள்ளைத் துணியின் மேல் தட்டும்போது சிறு தத்திகள் துள்ளினால், இலைகள் பிசுபிசுத்துக் கரி படிந்திருந்தால், சாறு உறிஞ்சும் தத்திகளே காரணம். அடர்ந்த உட்கிளைகளை அறுவடைக்குப் பின் கத்தரித்துக் காற்றும் ஒளியும் புகவிட்டால் இம்மூன்றும் குறையும்.

எப்போது உதிர்கிறது என்று பாருங்கள்

நாலைந்து பூங்கொத்துக்களில் நூல் கட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள்.

1. பிஞ்சு பிடிக்காமல் பூவாகவே உதிர்ந்தால்: ஆண்பூ, மகரந்தச்சேர்க்கைக் குறைவு, மரத்தின் இளவயது அல்லது நோய்.

2. கடுகளவு, மிளகளவில் உதிர்ந்தால்: சரியாகக் கருக்கட்டாமை, பூஞ்சணம் அல்லது தத்தி.

3. பாக்களவுக்கு மேல் உதிர்ந்தால்: நீர்ப்பற்றாக்குறை, சத்துக்குறைவு அல்லது மரம் தன் சுமையைக் குறைத்தல்.

இந்தக் குறிப்புடன் போதனாசிரியரிடம் சென்றால் அவரால் பயனுள்ள பதில் தர முடியும். “காய்க்கவில்லை” என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கவே வேண்டும்.

ஓர் ஆண்டு பெருகக் காய்த்த மாமரம் மறு ஆண்டு ஓய்வதும் இயல்பு. ஒட்டு மாமரத்துக்கு நட்டு ஐந்து ஆண்டுகளாவது தவணை கொடுங்கள். கொட்டை மரத்துக்குப் பத்து ஆண்டுகள். அதன் பின்னரும் காய்க்காத, ஆனால் உறுதியான மரமாயின், அடியோடு வெட்டாமல் அதன் கிளைகளில் கறுத்தக்கொழும்பான் போன்ற நல்ல இனத்தை ஒட்டலாம். ஆழ வேரோடிய மரம் ஒன்று ஏற்கெனவே வளவில் நிற்கும்போது, புதுக்கன்றுக்கு மீண்டும் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை.